1எக்ஸா, 10எக்ஸா, 50 ஓம் கேபிளா? ஸ்கோப்புல அலை உள்ளபடி தெரிய எந்த ப்ரோப், எப்படி ட்யூன் பண்றது

போன வருஷம் ஒரு ஆடியோ ஆம்ப்ளிஃபையர் போர்டு கட்டிட்டு அதோட கெயின் (எத்தனை மடங்கு பெருக்குதுன்னு) ஸ்கோப்புல, அதாவது வோல்டேஜ அலையா வரைஞ்சு காட்டற ஆசிலோஸ்கோப்புல, பார்த்துட்டு இருந்தேன். இன்புட் சேனல் 1ல, அவுட்புட் சேனல் 2ல, சைன் வேவ் குடுத்து 100 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு மேல போறேன், 100ல கணக்கு போட்ட மாதிரியே வருது, 500லயும் கிட்டத்தட்ட அதேதான், 1 கிலோஹெர்ட்ஸ்ல 3 சதவீதம் இறங்கிருச்சு, 10 கிலோஹெர்ட்ஸ்ல 9 சதவீதம் கம்மி. சரி ஏதோ ஃபீட்பேக் கெபாசிட்டர் பெருசா போட்டுட்டோம்னு ரெண்டு சாயங்காலம் அதையே மாத்தி மாத்தி சால்டர் பண்ணிட்டு இருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது, 20 கிலோஹெர்ட்ஸ் போனாலும் அதே 9 சதவீதம்தான், 50 போனாலும் அதேதான். ஆம்ப்ளிஃபையர் விழுந்தா தொடர்ந்து விழுந்துட்டே போகணும், இது ஒரு படி இறங்கி அங்கேயே நிக்குது. படி இருந்தா ப்ரோப்ப, அதாவது சர்க்யூட்டுல இருந்து ஸ்கோப்புக்கு சிக்னல கொண்டு வர்ற முனையும் கேபிளும் சேர்ந்தத, பாருங்க. சேனல் 2ல இருந்த ப்ரோப்ப டிஜிட்டல் ஸ்கோப்ல இருந்து கழட்டி பழைய சிஆர்ஓவுல (பிக்சர் டியூப் வச்ச ஸ்கோப்) மாட்டியிருந்தேன், ஸ்க்ரூவ தொடவே இல்ல.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, ப்ரோப்ல இருக்கற அந்த சின்ன ஸ்க்ரூ ஸ்க்வேர் வேவோட மூலைய அழகா காட்டத்தான்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்கோம். அது அளவையே மாத்துது. ஸ்க்வேர் வேவா இருந்தா மூலை உருண்டு போறத கண்ணால பார்த்து கண்டுபிடிச்சிடலாம், சைன் வேவ் எப்பவும் சுத்தமான சைனாத்தான் தெரியும், உயரம் மட்டும் பொய்யா இருக்கும், ஒரு சந்தேகமும் வராது. அதனால எந்த ப்ரோப் நல்லதுன்னு பேசறதுக்கு முன்னாடி இது உள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடணும்.

10எக்ஸ் ப்ரோப்னா சிக்னல பத்துல ஒண்ணா குறைச்சு குடுக்கறது, அதோட முனையில 9 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கு, ஸ்கோப் இன்புட்ல 1 மெகா ஓம், ரெண்டும் சேர்ந்து பத்துல ஒரு பங்கு. டிசிக்கு இது போதும். ஆனா கேபிளுக்கு கெபாசிடன்ஸ் இருக்கு, ஸ்கோப் இன்புட்டுக்கும் இருக்கு, பிஎன்சி (ப்ரோப் மாட்டற சாக்கெட்) பக்கத்துலயே 1 மெகா ஓம் 13 பிகோஃபாரட், 25 பிகோஃபாரட் அப்படின்னு எழுதியிருப்பாங்க பாருங்க அதுதான். ஃப்ரீக்வென்சி ஏற ஏற ரெசிஸ்டர் இல்ல, கெபாசிட்டர்தான் பங்கு பிரிக்கும். அதனால 9 மெகா ஓமுக்கு பேரலல்ல ஒரு 12 பிகோ மாதிரி போட்டு, கீழ்ப்பக்கம் மொத்தமா அதுக்கு 9 மடங்கு, அதாவது 108 பிகோ வர்ற மாதிரி ட்ரிம்மர்ல, அதாவது அந்த ஸ்க்ரூ திருகற கெபாசிட்டர்ல, சரி பண்றாங்க. அப்போ கெபாசிட்டரும் பத்துல ஒண்ணு, ரெசிஸ்டரும் பத்துல ஒண்ணு, எந்த ஃப்ரீக்வென்சியிலயும் ஒரே பங்கு. என் கதையில 13 பிகோ ஸ்கோப்புல இருந்து 25 பிகோ சிஆர்ஓவுக்கு மாறினதால கீழ 108 இருக்க வேண்டிய இடத்துல 120 ஆயிருச்சு, 132ல 12 எடுத்தா பதினொண்ணுல ஒரு பங்கு, அந்த 9 சதவீதம் இங்கிருந்துதான் வந்தது. டிசியில சரி, 1 கிலோஹெர்ட்ஸ் சுத்துவட்டாரத்துல மாற ஆரம்பிச்சு அதுக்கு மேல எல்லாமே தப்பு.

ஸ்கோப் முன்னாடி ஒரு சின்ன கொக்கியில 1 கிலோஹெர்ட்ஸ் ஸ்க்வேர் வேவ் ஏன் குடுத்திருக்காங்கன்னும் இதுலயே பதில் இருக்கு. 9 மெகா ஓம் பெருக்கல் 12 பிகோ, சுமார் 108 மைக்ரோசெகண்ட், 1 கிலோஹெர்ட்ஸோட அரை சுற்று 500 மைக்ரோசெகண்ட், ஆக தப்பு எவ்ளோ இருந்தாலும் அந்த வளைவு முழுசா அடங்கறத ஸ்க்ரீன்ல பார்க்கலாம். 100 கிலோஹெர்ட்ஸ் ஸ்க்வேர் வேவ் குடுத்து ட்யூன் பண்ண முயற்சி பண்ணா வளைவு தெரியறதுக்கு நேரமே இல்ல, மேல் பக்கம் தட்டையாவே தெரியும், எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுடுவோம்.

இப்போ போட்டிக்கு வருவோம்.

1எக்ஸ். ஸ்விட்ச் உள்ள ப்ரோப்ல இத தட்டினா 9 மெகா ஓம் வெளிய போயிடுது, நேரா கேபிள்தான். ட்ரிம்மர் வேலை செய்யாது, 1எக்ஸ்ல வச்சுட்டு ஸ்க்ரூவ திருகி ஒண்ணும் மாறலயேன்னு கேக்கறவங்க நிறைய, மாறாது. பேண்ட்விட்த் (எவ்ளோ ஃப்ரீக்வென்சி வரைக்கும் ஒழுங்கா காட்டும்ங்கறது) 6 மெகாஹெர்ட்ஸ் மாதிரிதான், ஸ்கோப் 100 மெகாஹெர்ட்ஸா இருந்தாலும் 200ஆ இருந்தாலும் அதேதான். அதவிட மோசம் என்னன்னா கேபிளோட முழு கெபாசிடன்ஸும், 100 பிகோவுக்கு பக்கத்துல, உங்க சர்க்யூட் மேல போய் உக்காருது. ஒரு ஐ2சி லைன (சிப்புங்க ஒண்ணோட ஒண்ணு பேசற ரெண்டு வயர் பஸ்) எடுத்துக்கங்க, லைன மேல இழுக்கற 4.7 கிலோ ஓம் புல்லப் ரெசிஸ்டர், அதுல 100 பிகோ கூட சேர்ந்தா லைன் ஏறற நேரம் (ஐ2சி கணக்குப்படி 30ல இருந்து 70 சதவீதம் வரைக்கும்) அதனால மட்டுமே ஏறக்குறைய 400 நானோசெகண்ட், 100 கிலோஹெர்ட்ஸ் மோடுக்கு 1 மைக்ரோசெகண்ட் வரைக்கும் அனுமதி உண்டு, ஆனா 400 கிலோஹெர்ட்ஸ் மோடுக்கு 300 நானோசெகண்ட்தான். ஆக 400ல நல்லா ஓடிட்டு இருந்த பஸ் நீங்க ப்ரோப் வச்சதும் படுத்துக்கும், எடுத்ததும் எழுந்துக்கும். அதே இடத்துல 10எக்ஸ் வச்சா 12 பிகோதான், கூடுதலா 48 நானோசெகண்ட். ஸ்க்ரீன்ல தெரியற அலை சர்க்யூட்டோட அலைதானா, இல்ல ப்ரோப் வச்ச பிறகு உண்டான அலையான்னு கேட்டுக்கணும், 1எக்ஸ்ல பாதி நேரம் ரெண்டாவதுதான்.

அதுக்காக 1எக்ஸ தூக்கி போட வேண்டாம், பவர் சப்ளை ரிப்பிள் (டிசி மேல மிச்சம் நிக்கற சின்ன அலை) பாக்கறதுக்கு அதுதான் சரி. 10 மில்லிவோல்ட் ரிப்பிள 10எக்ஸ்ல பார்த்தா ஸ்கோப்புக்கு வந்து சேர்றது 1 மில்லிவோல்ட், ஸ்கோப்போட சொந்த நாய்ஸ் பத்து மடங்கா ஊதி அது மேல படுத்திருக்கும். சப்ளையோட அவுட்புட் இம்பீடன்ஸ் மில்லி ஓம் கணக்குல இருக்கறதால 100 பிகோ அத ஒண்ணும் பண்ணாது.

10எக்ஸ். என் பெஞ்சுல பத்துல எட்டு வேலை இதுலதான். 10 மெகா ஓம், 12 பிகோ, டிரான்சிஸ்டர் பேஸ், ஆப்ஆம்ப் இன்புட், மைக்ரோகன்ட்ரோலர் பின்னுன்னு எங்க வச்சாலும் பெரும்பாலும் சர்க்யூட்டுக்கு வலிக்காது. ஆனா 12 பிகோ ஒண்ணுமே இல்லன்னு நினைக்காதீங்க, 10 மெகாஹெர்ட்ஸ்ல அது 1300 ஓம், 100 மெகாஹெர்ட்ஸ்ல 130 ஓம்தான். 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கால்ல வச்சா ஆசிலேட்டர் நின்னு போகக்கூட செய்யும், கிரிஸ்டலோட லோடு கெபாசிடன்ஸே 6, 12 பிகோ அளவுல இருக்கறப்ப 12 பிகோ சின்னதில்ல. க்ளாக் பாக்கணும்னா சிப்போட பஃபர் அவுட்புட்ல பாருங்க.

10எக்ஸ்ல எல்லாரும் கோட்டை விடற இடம் கிரவுண்ட் வயர். ப்ரோப் கூட வர்ற அந்த 15 சென்டிமீட்டர் முதலை கிளிப் வயர், ஒரு மில்லிமீட்டருக்கு 1 நானோஹென்றின்னு தோராயமா வச்சா 150 நானோஹென்றி, அதும் முனையோட 12 பிகோவும் சேர்ந்து 119 மெகாஹெர்ட்ஸ்ல ஊசலாடும். வேகமா ஏறற எந்த எட்ஜ (சிக்னல் சட்டுன்னு ஏறி இறங்கற இடம்) பார்த்தாலும் அது மேல ஒரு ரிங்கிங், அதாவது ஊசலாடி அடங்கற துள்ளல், தெரியும், அத போர்டு தப்புன்னு நினைச்சு சீரிஸ் ரெசிஸ்டர் போட்டு, டிகப்ளிங் கெபாசிட்டர் கூட்டி, கடைசியில பிசிபியவே திருப்பி வரைஞ்சவங்கள எனக்கு தெரியும். அந்த வயர கழட்டிட்டு டப்பாவுல கூடவே வர்ற குட்டி ஸ்பிரிங்க முனைய சுத்தி மாட்டினா 1 சென்டிமீட்டர்தான், 10 நானோஹென்றி, ஊசலாட்டம் 460 மெகாஹெர்ட்ஸுக்கு ஓடிரும், 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்புக்கு அது கண்லயே படாது. வயர் வசதி, ஒரு இடத்துல கிளிப் போட்டுட்டு எட்டு பின் பார்க்கலாம், ஸ்பிரிங் கைய புடிச்சுட்டே நிக்க சொல்லும், இருந்தாலும் எட்ஜோட வடிவம் முக்கியம்னா ஸ்பிரிங்தான், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆடியோவுக்கும் மெதுவான சிக்னலுக்கும் வயரே போதும். சந்தேகம் வந்தா ப்ரோப் முனையையும் கிரவுண்ட் கிளிப்பையும் போர்டுல ஒரே கிரவுண்ட் பாயிண்ட்ல வைங்க, கோடு நேரா இருக்கணும், அப்பவும் ஏதாவது துள்ளுச்சுன்னா அது அந்த வயர் வளையம் காத்துல இருந்து புடிக்கிறது, சர்க்யூட்டோடது இல்ல.

இன்னொண்ணு, ப்ரோப் கேபிள் அறுந்து போச்சுன்னா சாதாரண ஆர்ஜி58 கோஆக்ஸ் கேபிள வெட்டி ஒட்டு போடாதீங்க. 1எக்ஸ்ல வச்சு முனைக்கும் பிஎன்சி நடு ஊசிக்கும் மல்டிமீட்டர் வச்சு பாருங்க, சும்மா கம்பியா இருந்தா 0 காட்டணும், ஆனா நூத்துக்கணக்கான ஓம் காட்டும். நடுக்கம்பியே ரெசிஸ்டன்ஸ் உள்ள மெல்லிய கம்பி, வேணும்னே அப்படி செஞ்சது, ஸ்கோப் முனையில டெர்மினேஷன் (கேபிளுக்கு பொருத்தமான முடிவு ரெசிஸ்டர்) இல்லாததால சிக்னல் கேபிளுக்குள்ள முன்னயும் பின்னயும் மோதிட்டு இருக்கும், அத அந்த ரெசிஸ்டன்ஸ் விழுங்கிடுது. 1950கள்ல டெக்ட்ரானிக்ஸ்ல ஜான் கோபியும் பில் பொலிட்ஸும் கண்டுபிடிச்சது, இன்னைக்கு சந்தையில இருக்கற 10எக்ஸ் ப்ரோப் எல்லாம் அந்த யோசனை மேலதான் ஓடுது, எனக்கு அது எப்பவும் ஆச்சரியம்தான்.

அடுத்து 50 ஓம் கேபிள் ப்ரோப். இத வீட்டுலயே செய்யலாம், இதப்பத்தி நம்ம ஆளுங்க அதிகம் பேசறதில்லன்னு எனக்கு வருத்தம். 50 ஓம் கோஆக்ஸ் ஒரு துண்டு, ஒரு பக்கம் பிஎன்சி, இன்னொரு பக்கம் நடுக்கம்பியில 910 ஓமும் 39 ஓமும் சீரிஸ்ல, ஸ்கோப் பக்கம் 50 ஓம் இன்புட், அது இல்லாத ஸ்கோப்புக்கு 50 ஓம் டெர்மினேட்டர். 949ம் 50ம் சேர்ந்து 999, ஆக 20ல ஒரு பங்கு. ட்ரிம்மர் இல்ல, ட்யூன் பண்ண எதுவுமே இல்ல, ஏன்னா டெர்மினேஷன் சரியா இருந்தா கேபிளோட கெபாசிடன்ஸ் கணக்குலயே வராது. சின்ன எஸ்எம்டி ரெசிஸ்டர் போட்டு கிரவுண்ட குட்டையா வச்சா வேகமான எட்ஜுக்கு 10எக்ஸ விட நேர்மையா காட்டும், நான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே பின்ன பார்த்திருக்கேன். விலை என்ன, ரெசிஸ்டர் ரெண்டு, கேபிள் ஒரு முழம்.

ஆனா அது சர்க்யூட்டுக்கு 1 கிலோ ஓம் லோடு. 3.3 வோல்ட் சிமாஸ் (டிஜிட்டல் சிப்) அவுட்புட்ல 3.3 மில்லிஆம்ப் இழுக்கும், அது தாங்கும். அதே ஐ2சி லைன்ல வச்சா 4.7 கிலோவும் 1 கிலோவும் பங்கு போட்டு லைன் 0.58 வோல்ட்ல நிக்கும், பஸ் செத்துச்சு. ஆப்ஆம்ப் இன்புட், கிரிஸ்டல், ஹை இம்பீடன்ஸ் இடம் எதுலயும் வைக்கக் கூடாது. சிக்னலும் 20ல ஒண்ணா குறையறதால சின்ன சிக்னலுக்கு ஆகாது.

ஆக்டிவ் ப்ரோப் பத்தி ஒரு வார்த்தை, முனையிலயே ஆம்ப்ளிஃபையர் இருக்கும், லோடு 1 பிகோ மாதிரிதான், வேகமான சிக்னல்ல ஜெயிக்கும், ஆனா விலை சாதாரண ஸ்கோப் விலையையே தாண்டும், கையில இருக்கற ஸ்டாட்டிக்லயே செத்துப் போகலாம். ஹாபிக்கும் ரிப்பேருக்கும் தேவையில்ல.

கரண்ட் லைன் பக்கம், எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) ப்ரைமரியில, கிரவுண்ட் கிளிப்ப போடவே கூடாது, அது ஸ்கோப் வழியா நேரா எர்த்துல இருக்கு. ரெண்டு 10எக்ஸ் வச்சு சேனல் 1ல இருந்து 2ஐ கழிச்சு பாக்கற வழிய சிலர் சொல்வாங்க, ரெண்டு ட்ரிம்மரும் 1 சதவீதம் விலகியிருந்தாலே 325 வோல்ட்ல 3 வோல்ட்டுக்கு மேல பொய் சிக்னல் வந்துரும், அத நிஜம்னு நம்பிடுவோம். அதுக்கு ரேட்டிங் உள்ள டிஃபரன்ஷியல் ப்ரோப்தான், இதுல சிக்கனம் பாக்காதீங்க.

சரி, 10எக்ஸ்தான்னு முடிவு பண்ணா ட்யூன் எப்படின்னு. எந்த சேனல்ல அளக்கப் போறோமோ அதே சேனல்ல மாட்டணும், ஒரே ஸ்கோப்புலயே சேனலுக்கு சேனல் கொஞ்சம் மாறும். ப்ரோப் ஸ்விட்ச்சும் ஸ்கோப் மெனுவும் ரெண்டும் 10எக்ஸ், கப்ளிங் டிசி. அலை ஸ்க்ரீன்ல ஆறேழு கட்டம் உயரத்துக்கு வரட்டும், அரை சுற்று முழுசா தெரியட்டும். சாதாரண டிஜிட்டல் ஸ்கோப் 8 பிட், மொத்தம் 256 படி, 1 சதவீத தப்புன்னா ரெண்டு மூணு படிதான், நாய்ஸ்ல மறைஞ்சிடும், அதனால ஆவரேஜ் மோடு போட்டுட்டு பாருங்க. மூலை உருண்டிருந்தா கம்மி, மூலையில கொம்பு நீட்டினா ஜாஸ்தி, மேல் பக்கம் தட்டையாகற வரைக்கும் திருகணும். இரும்பு ஸ்க்ரூட்ரைவர் வேண்டாம், அது தொடறப்ப ஒரு அளவு, எடுத்ததும் வேற அளவு, கூட வர்ற பிளாஸ்டிக் குச்சியே போதும், அதுலயும் கைய எடுத்துட்டுதான் பாக்கணும். சில ப்ரோப்ல பிஎன்சி டப்பாக்குள்ள இன்னும் ரெண்டு மூணு ட்ரிம்மர் இருக்கும், அதெல்லாம் ஹை ஃப்ரீக்வென்சிக்கு, 1 நானோசெகண்டுக்கும் வேகமான எட்ஜ் சோர்ஸ் கையில இல்லாம தொட்டா திருப்பி பழைய நிலைக்கு கொண்டு வரவே முடியாது.

ட்யூன் முடிஞ்சதும் ப்ரோப்போட ரெண்டு முனையிலயும் ஒரே கலர் வளையம் மாட்டிடுங்க, பாக்கெட்டுலயே வரும். என்கிட்ட மஞ்சள் சேனல் 1, நீலம் சேனல் 2, சிஆர்ஓவுக்குன்னு தனியா பச்சை ஒண்ணு, அது மத்த ரெண்டோட கலக்கறதே இல்ல.