“எல்லாம் ஒரே திரையில்” என்று வருகிறவர்களிடம் கவனம்

யாழ்ப்பாணத்தில் ஹோட்டல், மண்டபம், கடைத்தொகுதி, தனியார் வைத்தியசாலை என்று ஏதாவது கட்டிடம் நடத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கமரா, கதவு, தீ அலாரம், ஜெனரேற்றர், தண்ணீர் மோட்டர் எல்லாவற்றையும் ஒரே சொப்ட்வெயாருக்குள் கொண்டுவந்து தருகிறோம் என்று ஒரு கொம்பனி இங்கே சுற்றுகிறது. தலைமையகம் கொழும்பில், இங்கே ஆள்பிடிக்க ஒரு பெடியன். பெயரைக் கேட்காதீர்கள், லோயர் மூலம் கடிதம் போயிருக்கிறது, அது ஒரு முடிவுக்கு வரும்வரை நான் பெயர் போட முடியாது.

எங்களுடையது நான்கு மாடி. கீழே கடைகள், நடுவில் அறைகள், மேலே மண்டபம். மாமா கட்டியது, நடத்துவது நான். கமராவில் பாதி பழைய டிவிஆர் என்கிற பதிவுப் பெட்டியில் ஓடுகிறவை, பாதி நெட்வேர்க்கில் ஓடுகிற புது ஐபி. கதவுக்கு விரல் வைக்கிற மிஷின் ஒரு கொம்பனி, தீ அலாரம் இன்னொரு கொம்பனி, ஜெனரேற்றர் போட்டவர் வேறு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கனடா, லண்டன் ஆட்களால் அறைகள் நிரம்பிக் கிடக்கும்போது இரவில் ரிசப்சனில் இருக்கிற ஒரே ஆள் இத்தனைக்கும் தனித்தனியாக ஓடித் திரிய வேண்டும். அதனால் தேவை உண்மையானதுதான். இப்படியான சொப்ட்வெயாரும் பொய்யில்லை, கனடாவின் ஜெனெடெக், டென்மார்க்கின் மைல்ஸ்டோன் என்று உலகம் முழுக்கப் பெரிய கட்டிடங்களில் ஓடுகிறவை இருக்கின்றன. எங்களுக்கு வந்தது அந்த வகையில் எதுவுமில்லை.

லப்டொப்பைத் திறந்து ஒரு கட்டிடத்தின் வரைபடத்தைக் காட்டினார்கள். மூன்றாம் மாடியில் தீ என்று சிவப்பு மின்னுகிறது, பக்கத்துக் கமரா தானாகத் திறக்கிறது, கதவுகள் விடுபடுகின்றன, ஜெனரேற்றரில் எவ்வளவு டீசல் என்றுகூடத் தெரிகிறது. “அண்ணை, உங்கட கட்டிடமும் இப்பிடித்தான் வரும், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ” என்றான் பெடியன். மாமா அந்த இடத்திலேயே அவர்கள் வலையில் விழுந்துவிட்டார். மொத்தம் 18 இலட்சம், 60 வீதம் அட்வான்ஸ்.

வந்து பூட்டியது ஒரு பெரிய டிவி, ஒரு சின்னக் கம்பியூட்டர், கொஞ்ச வயர். திரையைப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது, அங்கேதான் பிடி இருக்கிறது. கமரா படங்கள் வந்தன, ஆனால் சப் ஸ்ட்ரீம் என்கிற தரம் குறைத்த மங்கலான படம் மட்டும். நேற்று இரவு என்ன நடந்தது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டுமென்றால் பழையபடி டிவிஆர் இருக்கிற அறைக்குத்தான் போக வேண்டும். கேட்டதற்கு, கமராவில் ஓன்விஃப் இருக்கிறது அண்ணை, எல்லாம் வேலை செய்ய வேண்டும், உங்கள் கமராவில்தான் பிழை என்றார்கள். ஓன்விஃப் என்பது 2008 இல் அக்சிஸ், பொஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய, வெவ்வேறு கொம்பனிகளின் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுத் தரம். அதற்குள் பல பிரிவுகள் உண்டு: எஸ் என்றால் நேரடிப் படம், ஜி என்றால் பதிவைத் தேடி எடுப்பது, கதவுகளுக்கு ஏ, சி என்று வேறு. எஸ் மட்டும் உள்ள கமராவை வைத்துக்கொண்டு பதிவும் வரும் என்று சொல்லி விற்றவன் மீது பிழையா, கமராவிலா?

கதவை அழுத்தினால் விரல் மிஷின் கொம்பனியின் சொந்தப் பக்கம் இன்னொரு ஜன்னலாகத் திறந்து, திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்கும். அவ்வளவுதான் அவர்களுடைய இணைப்பு.

தீ அலாரம் இன்னும் விசேஷம். எங்கள் பெட்டி பழைய வகை என்றாலும் அலாரத்துக்கு ஒன்று, கோளாறுக்கு ஒன்று என்று ரிலே முனைகள், அதாவது வெளியே தகவல் கொடுக்கிற சுவிச் முனைகள், அதில் இருக்கின்றன, அவற்றிலிருந்து வயர் இழுத்து ஒரு இன்புட் மொடியூலில் கொடுத்தால் சொப்ட்வெயாருக்குத் தகவல் போய்விடும். இவர்கள் செய்தது என்ன தெரியுமா, பெட்டிக்கு முன்னால் ஒரு கமராவைப் பூட்டி, சிவப்பு லைட் எரிகிறதா என்று அதில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பில்லில் இதற்குப் பெயர் தீ அலார ஒருங்கிணைப்பு. 1 இலட்சத்துக்கு மேல்.

ஜெனரேற்றர் பக்கத்தில் ஒரு பச்சை வட்டம் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். ஒருநாள் மண்டபத்தில் பூப்புனித நீராட்டு விழா நடக்கும்போது கரண்ட் போய், ஜெனரேற்றர் ஸ்டார்ட் ஆகவில்லை, ஐயர் இருட்டில் நிற்கிறார், ரிசப்சன் திரையில் மட்டும் பச்சை. பிறகு பார்த்தால் ஜெனரேற்றருக்கும் அந்தக் கம்பியூட்டருக்கும் இடையில் வயரே கிடையாது. அது வெறும் படம். ஜெனரேற்றரின் கொன்ட்ரோலரில் மொட்பஸ் போர்ட் இருக்கிறது, மொட்பஸ் என்பது மிஷின்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறுகிற முறை, 1979 இலிருந்து இருக்கிற சங்கதி, தெரிந்த ஆளுக்கு அதை இணைப்பது பெரிய வித்தையில்லை. “அது எக்ஸ்ட்ரா சார்ஜ் அண்ணை, கொட்டேசனில இல்லை” என்று பதில் வந்தது.

இதெல்லாம் காசு போன கதை. அடுத்தது உயிர் போகக்கூடிய கதை, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மண்டபத்தின் அவசர வாசல் கதவில் காந்தப் பூட்டு. கரண்ட் இருக்கும்வரை பூட்டியிருக்கும், கரண்டை வெட்டினால் விடுபடும். முன்பு தீ அலாரப் பெட்டியிலிருந்து நேரே வந்த வயர், அலாரம் அடித்த உடனே பூட்டின் கரண்டை வெட்டும்படி இருந்தது. இவர்கள் அந்த வயரைக் கழற்றிவிட்டு, பூட்டுக்கு பற்றரி பக்கப்பும் கொடுத்து, திறப்பதைச் சொப்ட்வெயாரின் கையில் விட்டிருக்கிறார்கள். அந்தச் சொப்ட்வெயாருக்கோ அலாரம் அடிப்பது தெரியாது, கமராதானே பார்த்துக்கொண்டிருக்கிறது! எங்களுக்குக் கரண்ட் வேலை செய்கிற அண்ணை வேறு அலுவலாக வந்தவர் சந்தேகப்பட்டு அலாரத்தை அடித்துப் பார்த்தார். கதவு அசையவில்லை. அவர் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. கதவைத் திறக்கிற வேலை எந்தக் கம்பியூட்டரையும் நம்பி இருக்கக்கூடாது, சொப்ட்வெயார் பார்க்கலாம், பதிவு செய்யலாம், ஆனால் வெட்டுவது வயர்தான் என்று சொல்லி அன்றைக்கே பழையபடி மாற்றிக் கொடுத்தார், கதவடியில் உடைத்துத் திறக்கிற பச்சைப் பெட்டி ஒன்றும் பூட்டினார். உங்கள் கட்டிடத்தில் இப்படி யாராவது கை வைத்திருந்தால், ஆட்கள் இல்லாத நேரத்தில் அலாரத்தை அடித்துவிட்டு ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பாருங்கள். இன்றைக்கே.

இன்னொன்று. போனில் பார்க்க வசதி என்று ரவுட்டரில் போர்ட்டுகளை, அதாவது உள்ளே வருகிற வழிகளை, இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள், டிவிஆரில் தொழிற்சாலை பாஸ்வேர்ட் அப்படியே இருந்தது. 2016 இல் மிராய் என்ற வைரஸ் இப்படிப் பாஸ்வேர்ட் மாற்றாத கமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துத்தான் அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களை முடக்கியது. வேலை செய்கிற பிள்ளைகளின் விரலடையாளங்களின் பிரதியும் கொம்பனியின் சேர்வரில் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இது விசேட வகைத் தரவு. லோயர் கடிதத்தில் இதைத் தனியாகவே போட்டிருக்கிறார்.

வருடம் முடிய திரை கறுப்பாகி, லைசன்ஸ் காலாவதி என்று வந்தது. ஆயுள் லைசன்ஸ் என்று வாயால் சொன்னது, கொட்டேசனில் அந்தச் சொல்லே இல்லை. கமராவுக்கு இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு என்று வருடாவருடம் கட்ட வேண்டுமாம். வேறு ஆளை வைத்துச் செய்வோம் என்றால் அட்மின் பாஸ்வேர்ட் அவர்களிடம், லைசன்ஸ் பதிந்திருப்பது அவர்களுடைய ஈமெயிலில். மிச்சக் காசைக் கட்டினால் தருவோம் என்கிறார்கள். வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போகிற மேசனை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

இப்போது கமரா தனி, கதவு தனி, ஜெனரேற்றர் தனி. பெரிய டிவியில் பெடியங்கள் கிரிக்கெட் பார்க்கிறார்கள்.

போன கிழமை கொக்குவிலில் மண்டபம் வைத்திருக்கிற ஒருவர் எடுத்துக் கேட்டார், அவரிடமும் அதே லப்டொப், அதே வரைபடம், அதே மூன்றாம் மாடித் தீ. நான் சொன்னது, அவர்களுடைய லப்டொப்பில் பார்க்காதீர்கள், உங்கள் சொந்தக் கமரா ஒன்று, சொந்தக் கதவு ஒன்று, சொந்தத் தீப் பெட்டி, மூன்றையும் காசு கொடுக்க முன்னம் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள் என்று. கேட்டிருக்கிறார், அதன்பிறகு பெடியன் போன் எடுக்கவில்லையாம். யாரிடமாவது கொட்டேசன் வந்திருந்தால் இரண்டாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், ஏனைய நிறுவனங்களின் சாதனங்கள் இயலுமான அளவில் மட்டும் இணைக்கப்படும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்பொக்சில் அனுப்புங்கள், எங்களுடையதோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன், லோயருக்கும் அது உதவும்.