ஒட்டு ரோஜா என்று 2,870 ரூபாய்க்கு வாங்கிய குச்சிகள்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. 2,870 ரூபாய். பணம் போனதைக்கூட விடுங்கள், "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க மேடம்" என்று செடி விற்றவன் என்னிடமே சொன்னான் பாருங்கள், அதுதான் ஆறவில்லை. பதினான்கு வருஷமாக மாடியில் செடி வளர்க்கிறவள் நான். நடந்ததைச் சொல்கிறேன். ஏமாறாமல் இருக்க ஐந்து விஷயமும் கடைசியில் சொல்கிறேன்.

சமூக வலைத்தளத்தில் செடி விற்கிற ஒரு பக்கம். பெயர் போடவில்லை, வம்பு வேண்டாம். ஓசூர்ப் பக்கம் சொந்தத் தோட்டம் என்று வீடியோ போடுவார்கள். பத்து ஒட்டு ரோஜா, பத்தும் பத்து நிறம், ஒன்று 249 ரூபாய், கூரியர் 380. மொத்தம் 2,870. அதே பக்கத்தில் நீல ரோஜாவும் விற்பனைக்கு இருந்தது. அன்றைக்கே விலகியிருக்க வேண்டும். ரோஜாவுக்கு நீல நிறமி இயற்கையில் கிடையாது. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோஜாவே வெளிர் ஊதாவாகத்தான் இருக்கிறது. இது தெரிந்திருந்தும், நீலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வாங்கினேனே, என்னை என்ன சொல்ல!

நம்பியது எதனால் தெரியுமா? ஆர்டர் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தில் விற்கிற தம்பி கேட்டான், "உங்க மாடியில காலை வெயிலாக்கா, சாயங்கால வெயிலாக்கா?" எந்தக் கடைக்காரரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அப்புறம் குரல் பதிவு வேறு: "பார்சல் வந்ததும் தொட்டியில வைக்காதீங்கக்கா, ரெண்டு மூணு நாள் நிழல்ல இருக்கட்டும்." சரியான பேச்சு. விஷயம் தெரிந்த பிள்ளை என்று நினைத்து அடுத்த நிமிஷமே ஜிபேயில் மொத்தப் பணத்தையும் போட்டேன். செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு எல்லாம் கலந்து பத்துப் பையும் நிரப்பி வைத்தேன். அந்தச் செலவு தனி.

ஆறாம் நாள் பெட்டி வந்தது. இலையெல்லாம் மஞ்சள், நான்கு குச்சி பாதிவரை கறுப்பு. படம் அனுப்பினேன். "பயண அலுப்புக்கா, பத்து நாள் பொறுங்க, தளிர் விடும்." பொறுத்தேன். பதினோராம் நாள் கேட்டால், "உத்தரவாதம் ஏழு நாள்தான் மேடம்." அக்கா போய் மேடம் வந்துவிட்டது! பொறுக்கச் சொன்னது நீதானே தம்பி என்றால், பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்கிறான். எடுக்கவில்லை. அப்புறம்தான் அந்தத் தண்ணீர் கதை. அதற்குப் பிறகு நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை. இப்போது அதுவும் விழுவதில்லை.

நேற்று சாயங்காலம் சந்தேகம் வந்து ஒரு செடியின் ஒட்டுக்கட்டைப் பிளேடால் கீறிப் பிரித்தேன். ஒட்டு என்றால், காட்டு ரோஜாத் தண்டின் பட்டையில் டி எழுத்துபோலக் கீறி, நமக்கு வேண்டிய ரோஜாவின் ஒரு கண்ணை அதற்குள் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கண்ணிலிருந்து வருகிற கிளைதான் நாம் காசு கொடுக்கிற ரோஜா. நாடாவை எடுத்துப் பார்த்தால் உள்ளே கீறலும் இல்லை, கண்ணும் இல்லை. வழவழவென்று பச்சைப் பட்டை, நாடா அழுத்திய வரி மட்டும். பத்தையும் பிரித்தேன். ஏழில் ஒன்றுமே இல்லை, வெறும் குச்சியில் நாடா சுற்றியிருக்கிறார்கள். மூன்றில் கண் இருந்தது, மிளகு மாதிரி கருகி. இரண்டு செடி தளிர் விட்டிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் கட்டுக்குக் கீழே இருந்து வந்தவை, காட்டு ரோஜா. 2,870 ரூபாய்க்குக் காட்டு ரோஜா!

ஐந்து விஷயம் என்றேன், இப்போது இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. முழுப் பணத்தையும் முன்னால் போடாதீர்கள். வீடியோ எடுக்காமல் பெட்டியைப் பிரிக்காதீர்கள். பொறுங்கள் என்று யாராவது சொன்னால் உத்தரவாதம் எத்தனை நாள் என்று அப்போதே எழுத்தில் கேளுங்கள். ஒரு காம்பில் ஐந்து இலை இருந்தால் நல்ல ரோஜா, ஏழு இருந்தால் காட்டு ரோஜா என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள், தளிர் கட்டுக்கு மேலே வருகிறதா கீழே வருகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நேரில் போய், ஒட்டிலிருந்து கிளை வந்த செடியாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்று காலை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். பணம் அனுப்பிய ரசீதையும் அந்தத் தம்பியின் குரல் பதிவையும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது இதே மாதிரி வாங்கியிருந்தால் முதலில் அந்த நாடாவைப் பிரித்துப் பாருங்கள்.