பெரியகடையிலை வாங்கின எலிக்கூடு: மூண்டு மாசம் பாவிச்சுப் பாத்ததிலை

முதலே சொல்லிப்போடுறன், நான் இந்தக் கூட்டை எலிக்காக வாங்கேல்லை. எங்கட நாயாலை வாங்கினது.

மாரி முடிஞ்ச கையோட நாய்க்கு உண்ணி எண்டா அப்பிடி ஒரு உண்ணி. காதுக்குள்ளை, கால்விரல் இடுக்கிலை, கழுத்துப்பட்டிக்குக் கீழை எல்லாம். மருந்தடிக்கிற ஆக்களைக் கூப்பிட்டம், பேர் வேண்டாம், வந்தவை வீட்டுக்குள்ளை நாலு மூலையும் ஸ்பிரே பண்ணிப்போட்டு வீட்டுக்குப் பின்னாலை கோடிப்பக்கத்தை எட்டியும் பாக்காமல் காசை வாங்கிக்கொண்டு போட்டினம். நான் வேலிக்கரையையும் பாருங்கோ தம்பி எண்டு சொல்ல, அது பேக்கேஜிலை இல்லையாம்.

பேந்து மிருக வைத்தியரிட்டைப் போய் நாய்க்குக் குளிசை குடுத்தாச்சு. ரெண்டு கிழமையிலை நாய் கிளீன். ஆனா கோடிப்பக்கம் போய்வந்தா ரெண்டு மூண்டு புதுசா ஏறி நிக்கும். குளிசை குடுத்த நாயெண்டாலும் உண்ணி ஏறித்தான் கடிக்கும், கடிச்ச பிறகுதான் சாகும் எண்டு டொக்டர் சொன்னவர், அது சரி, ஆனா புதுசு எங்கையிருந்து வருது எண்டதுதான் என்ர கேள்வி. அதுக்கு அவர் திருப்பிக் கேட்டார், வளவிலை எலி எப்பிடி எண்டு. எலி இல்லாத வளவு யாழ்ப்பாணத்திலை எங்கை டொக்டர் இருக்கு எண்டன்.

அவர் விளங்கப்படுத்தினது இதுதான். நாயிலை கூடுதலா நிக்கிற அந்த மண்ணிறத்து உண்ணி குஞ்சிலையிருந்து கிழடு வரைக்கும் நாயிலையே காலம் தள்ளும், இடைக்கிடை இறங்கி சுவர் வெடிப்புக்குள்ளை கிடக்கும், பொம்பிளை உண்ணி ஒண்டே ஆயிரக்கணக்கிலை முட்டை போடும். ஆனா வேறை சில சாதி உண்ணியள் அப்பிடியில்லை, குஞ்சா இருக்கேக்கை எலி, மூஞ்சூறு, அணில் மாதிரிச் சின்னதுகளிலை ஏறி ரத்தம் குடிச்சு வளந்து, பெருத்த பிறகு மாடு, ஆடு, நாய் எண்டு மாறிப்போகும். கர்நாடகாவிலை 1957இலை கண்டுபிடிச்ச குரங்குக் காய்ச்சலைப் பரப்புற உண்ணியும் காட்டுக்குள்ளை எலியளிலை குஞ்சு வளக்கிற சாதிதானாம். அதாவது நான் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டு நிக்க, நேசறி கோடிக்குள்ளை நடந்துகொண்டிருந்திருக்கு.

அதுதான், எந்த எலியிலை உண்ணி நிக்குது எண்டு பிடிச்சுப் பாக்க, பெரியகடைப் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடையிலை மூண்டு கம்பிக்கூடு வாங்கினன், ஒண்டு 1150 ரூபா. கட்டி வைக்கிற கொளுக்கி, இழுத்துவிட்டா அடிச்சு மூடுற கதவு, மேலை பிடி, அவ்வளவுதான். பசைத்தட்டும் முதல் ஒருக்கால் வாங்கிப் பாத்தனான், அதிலை எலிக்குப் பதிலா ஒரு ஓணான் ஒட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் துடிச்சுது, அதோட அந்தச் சாமான் எனக்கு வேண்டாம். அடிபொறியும் இந்த வேலைக்குச் சரிவராது, எலி செத்து உடம்பு குளிரத் தொடங்கினா அதிலை நிக்கிற உண்ணியள் சிலது இறங்கிப் போயிடும், விடிய நீங்கள் போய்ப் பாக்கேக்கை எத்தினை நிண்டது எண்டு சரியாத் தெரியாது. கூட்டிலை எலி உயிரோட நிக்கும், அதாலை உண்ணியும் நிண்ட இடத்திலையே நிக்கும். என்னைக் கேட்டா இந்தக் கூட்டின்ர பெரிய பிளஸ் அதுதான்.

இரை, தேங்காய்ச் சொட்டு நெருப்பிலை லேசா வாட்டினது. கருவாடு வைச்சா பூனை வந்து கூட்டைப் பிரட்டிப்போடும்.

ஒண்டை குசினி முகட்டிலை வைச்சன், ஒண்டை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலை கிளுவை வேலியோட, மற்றதை வாழைக்குள்ளை. நாங்கள் நீர்வேலிப் பக்கம், அதாலை வாழை இல்லாமல் வளவில்லை. பேந்து ஒரு மாசம் வாழைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு போய் கரவெட்டியிலை இருக்கிற அம்மாவின்ர சீதனப் பனங்காணியிலையும் வைச்சுப் பாத்தன். மனிசி சொன்னா எனக்கு விசராம். இருக்கட்டும்.

குசினி முகட்டிலை வந்தது எல்லாம் வீட்டெலி, வால் நீளம், காது பெரிசு. ஏழு எட்டுப் பிடிச்சிருப்பன், தெள்ளு ஓடினது கண்டனான், உண்ணி ஒண்டுகூட இல்லை. வாழைக்குள்ளையும் பெரிசா இல்லை, ஒண்டிலை ரெண்டு. வேலிக்கரைதான் ஆளைப் பயப்படுத்தினது. முதல் நாளே ஒரு பெருச்சாளிக் குட்டி, கூட்டுக்குள்ளை நிண்டு உறுமுது. கையுறை போட்டு கிட்டப் போகாமல் போனைச் சூம் பண்ணிப் பாத்தா, காது விளிம்பு முழுக்க குரக்கன் ஒட்டிவிட்ட மாதிரி. குரக்கனிலும் சின்னனா கொஞ்சம், குரக்கனளவிலை கொஞ்சம், ரத்தம் குடிச்சு ஊதி சாம்பல் நிறமா ரெண்டு. படத்தைப் பெருப்பிச்சு எண்ணினன், சின்னனுக்கு ஆறு கால், மற்றதுக்கு எட்டு. உண்ணிக்குஞ்சு பொரிக்கேக்கை ஆறு காலோடதான் வரும், முதல் ரத்தம் குடிச்சு சட்டை கழட்டின பிறகுதான் எட்டாகும், டொக்டர் சொன்னதை என்ர கண்ணாலை கண்டது அண்டைக்குத்தான். காதிலை ஏன் எண்டா, எலி மற்ற இடமெல்லாம் பல்லாலையும் காலாலையும் வழிச்சு எடுத்துப்போடும், காதுதான் வாய்க்கு எட்டாது.

பனங்காணியிலை கலந்து வந்திச்சு. வடலிப் பத்தையோரம் பிடிபட்ட வீட்டெலிச் சாதியிலை அஞ்சாறு உண்ணி, ஆனா அதே காணியிலை வெட்டையான மணல் பக்கம் வந்த வெள்ளெலி, வால் நுனியிலை கறுத்தக் குஞ்சம் மாதிரி மயிரோட, சரியான வடிவு, அதிலை ஒண்டுமில்லை. ஒரே காணி, நூறு அடி தள்ளி. டொக்டருக்குப் படம் அனுப்பினன். உண்ணி தன்ர வாழ்க்கையிலை கனகாலம் எலியிலையோ மாட்டிலையோ இல்லை, நிலத்திலைதான் கிடக்கு, அதுக்கு நிழலும் ஈரச் சருகும் வேணும், வெயில் அடிக்கிற வெட்டை மண்ணிலை காஞ்சு செத்துப்போகும் எண்டார். எங்கட வேலிக்கரையிலை கிளுவைச் சருகு முழங்காலுக்கு, அதுக்குள்ளாலை எலி ஓடுது, வெளிப்பக்கம் கட்டாக்காலி மாடு வந்து உரசிக்கொண்டு நிக்குது. குஞ்சுக்கு எலி, கிழட்டுக்கு மாடு, படுக்கச் சருகு. அங்கை உண்ணி இல்லாட்டித்தான் அதிசயம்.

கூட்டின்ர குறையளையும் சொல்லவேணும். ஸ்பிரிங் ரெண்டாம் மாசமே தளந்துபோச்சு, கதவு முழுசா அடையாமல் ஒரு விரல் இடைவெளி நிக்குது, நான் றப்பர் பாண்ட் போட்டுச் சமாளிக்கிறன். கம்பிக்கண் பெரிசு, சுண்டெலி இரையைத் திண்டுபோட்டுக் கம்பிக்குள்ளாலையே வெளியாலை போகுது. வளந்த பெருச்சாளி ஒண்டு கம்பியை வளைச்சுக்கொண்டே போட்டுது. கடையிலை கொண்டுபோய்க் காட்டினா, அண்ணை இது எலிக்கூடு, பெருச்சாளிக்கில்லை எண்டான் பெடியன். அப்ப போர்டிலை ஏன் தம்பி பெருச்சாளிப் படம் எண்டு கேட்க சிரிக்கிறான். மாத்தித் தரேல்லை.

வாங்குற ஆக்களுக்கு ஒரு விசயம், கூட்டை வெறுங்கையாலை தொடாதேங்கோ. 2024 டிசம்பரிலை வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் வந்து சனம் செத்தது மறந்திருக்கமாட்டியள், அது உண்ணியாலை இல்லை, எலியின்ர மூத்திரத்தாலை. ஒவ்வொருக்காலும் பிளீச் தண்ணியிலை கழுவி நல்ல வெயிலிலை காய வைக்கிறன், காஞ்சா அந்தக் கிருமி நிக்காது. பிளீச்சுக்குக் கம்பி கறள் பிடிக்குது, அது வேறை கதை. பிறகு நாங்கள் உண்ணிக்காய்ச்சல் எண்டு சொல்லுறது, கடிச்ச இடத்திலை சிகரட்டாலை சுட்ட மாதிரிக் கறுத்தப் பொருக்கு வருமே, அதைக் குடுக்கிறது இந்த உண்ணியும் இல்லை, கண்ணுக்கே பிடிபடாத இன்னொரு சிற்றுண்ணியின்ர குஞ்சு, அதுவும் எலியிலையும் பத்தையிலையும்தான் இருக்கும். பத்தைக்குள்ளை திரிஞ்ச பிறகு காய்ச்சல் எண்டா பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்காமல் டொக்டரிட்டைப் போய் அதைச் சொல்லுங்கோ, நேரத்துக்குப் பிடிச்சா மருந்து இருக்கு. உங்களிலை உண்ணி கடிச்சு நிண்டா சுடுறது, மண்ணெண்ணெய் பூசுறது எல்லாம் வேண்டாம், கூரான சின்னக் குறட்டாலை தோலோட சேத்துப் பிடிச்சு நேரா இழுக்கவேணும்.

எலி எத்தினை பிடிச்சனீ எண்டு கேட்டா மொத்தம் இருபத்தைஞ்சு கிட்ட. வளவிலை எலி குறைஞ்சுதா எண்டா இல்லை. ஆனா எங்கை வேலை செய்யவேணும் எண்டு கூடு காட்டித் தந்தது. வேலிக்கரைச் சருகை முழுக்க வாரி எரிச்சு, ஒரு யார் அகலத்துக்கு வெட்டையாக்கி, மாடு உரசாமல் வெளிப்பக்கம் முள்ளுக்கம்பி அடிச்சன். போன ஒரு மாசமா நாயிலை ரெண்டே ரெண்டு உண்ணிதான் கண்டனான்.

அஞ்சுக்கு மூண்டு குடுப்பன், ஸ்பிரிங் ஒழுங்கா இருந்திருந்தா நாலு. பனங்காணிக்குக் கொண்டுபோன கூட்டைப் பக்கத்துக் காணி மாமி ரெண்டு நாளைக்கு எண்டு இரவல் வாங்கினவ, இப்ப மூண்டு கிழமை, கேட்டா அதுக்குள்ளை கோழிக்குஞ்சு நிக்குதாம்.