பழைய ஜீப்புக்கு மின்னணு பிளாஷர் ரிலே: நல்ல பொருள்தான், ஆனால் வயரிங்குக்கு மருந்தல்ல

பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் இண்டிகேட்டர் தகராறு செய்யத் தொடங்கினால், வயரிங்கைப் பார்ப்பதற்கு முன்பே பலரும் மாற்றிவிடுவது விளக்கைச் சிமிட்ட வைக்கும் பிளாஷர் ரிலேயைத்தான். அப்படி மாற்றுவோர் இப்போது அதிகம் வாங்குவது 12 வோல்ட்டில் இயங்கும் மூன்று முனை மின்னணு ரிலே. பல பெயர்களில் விற்கப்பட்டாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே வகைச் சுற்றுதான். என்னுடைய பழைய ஜீப்பில் இதைப் பொருத்தி, சாதாரண பல்புகளோடும் எல்இடி பல்புகளோடும் ஓட்டிப் பார்த்ததன் அடிப்படையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால், இது எதை மாற்றுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய பிளாஷரில் கடிகாரம் எதுவும் கிடையாது. பல்புகளுக்குப் போகும் மின்னோட்டமே உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டையைச் சூடாக்கி வளைக்கிறது. பட்டை வளைந்ததும் தொடர்பு அறுகிறது, ஆறியதும் மீண்டும் சேர்கிறது. ஒரு பக்கத்துக்கு 21 வாட் பல்புகள் இரண்டு என்றால் சுமார் மூன்றரை ஆம்பியர் ஓட வேண்டும். ஒரு பல்பு போய்விட்டால் மின்னோட்டம் பாதியாகிச் சிமிட்டல் மந்தமாகும், அல்லது விளக்கு சிமிட்டாமல் எரிந்தபடியே நிற்கும். எல்இடி போட்டாலோ பட்டை சூடாக வழியே இல்லை.

மின்னணு ரிலே இந்தச் சங்கடத்தை முழுவதுமாகத் தீர்த்துவிடுகிறது. நேரத்தை அதன் சுற்றே கணக்கிடுவதால், எந்தப் பல்பைப் போட்டாலும், இன்ஜின் மெதுவாக ஓடினாலும் முறுக்கி ஓடினாலும், தாளம் மாறுவதில்லை. ஐக்கிய நாடுகளின் வாகன விதி எண் 48 நிமிடத்துக்கு 60 முதல் 120 சிமிட்டல்கள் வரை இருக்க வேண்டும் என்கிறது. நான் பொருத்தியது அந்த வரம்புக்குள் சீராக நிற்கிறது. வேலையைப் பொறுத்தவரை இதில் குறை சொல்ல ஏதுமில்லை.

என் மனக்குறை வேறு. பழைய பிளாஷர் தன் மந்தத்தாலேயே வண்டியின் நோயைச் சொல்லிக்கொண்டிருந்தது. புதியது அந்த வாயை அடைத்துவிடுகிறது. எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் சட்டமான சேஸிஸ் வழியே பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, கெட்டுப்போய் முன்பக்க விளக்கு மங்கலாக எரிந்தாலும், இண்டிகேட்டர் இயங்குவதைக் காட்டும் டாஷ்போர்டு பைலட் விளக்கு கம்பீரமாகச் சிமிட்டுகிறது. ஓட்டுநருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். எதிரே வருபவருக்கோ ஒன்றும் தெரியாது. என் வண்டியிலும் ரிலே மாற்றிய பிறகு வலப்பக்க முன் இண்டிகேட்டர் விளக்கு மங்கலாகவே இருந்தது. காரணம், அந்த விளக்குக்குத் தனியாக எர்த் வயர் இல்லை; விளக்கின் உடல் மட்கார்டைத் தொட்டு, மட்கார்டு தன் போல்ட்டுகள் வழியே சேஸிஸைத் தொட வேண்டும். அந்தப் போல்ட்டைக் கழற்றியபோது வாஷருக்கு அடியில் ஓர் அடுக்கு பெயின்ட், அதன்மேல் செந்துரு, அதன்மேல் இன்னோர் அடுக்கு பெயின்ட். அலுமினிய உடல் கொண்ட வண்டிகளில் துருவுக்குப் பதிலாக வெண்பொடி படிந்திருக்கும், விளைவு ஒன்றுதான்.

ஆகவே, புதிய ரிலேயைப் பொருத்துவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்துவிடுவது நல்லது. விளக்கு சிமிட்டும்போது மல்டிமீட்டரில் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், பழைய ரிலேயைக் கழற்றி, அதன் வரவு வயரையும் போக்கு வயரையும் ஒரு சிறு வயரால் இணைத்துவிட்டால் விளக்கு நிலையாக எரியும். அந்தச் சுற்றில் ஃபியூஸ் இருக்கிறது என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு மீட்டரின் ஒரு முனையை விளக்கின் உலோக உடலிலும் மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தால், கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் கோளாறு எர்த்தில்தான், எந்த ரிலேயும் அதைக் குணப்படுத்தாது. இண்டிகேட்டர் போடும்போது அதே கூட்டிலுள்ள பார்க்கிங் விளக்கும் சேர்ந்து துடித்தால் அதுவும் எர்த்தின் வேலையே. திரும்ப வழி கிடைக்காத மின்சாரம் அடுத்த இழை வழியே புகுந்து தப்பிக்கிறது. நான் விளக்கின் உடலிலிருந்து சேஸிஸுக்குத் தனி வயர் இழுத்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, வாசலின் தடவினேன். மங்கல் அன்றே போயிற்று.

எல்இடிக்கு மாறுபவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்க வேண்டும், ரிலேயோடு வரும் தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பல பழைய வண்டிகளில் பைலட் விளக்கு ஒன்றே ஒன்றுதான். அது இடப்பக்க வயருக்கும் வலப்பக்க வயருக்கும் நடுவே தொங்குகிறது. அணைந்திருக்கும் பக்கத்துப் பல்புகளே அதற்கு எர்த். சாதாரண பல்புகள் அந்தச் சிறு மின்சாரத்தில் எரியாது, எல்இடியோ எரிந்துவிடும். ஆகவே எந்தப் பக்கம் போட்டாலும் நான்கு விளக்குகளும் ஒன்றாகச் சிமிட்டும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு ஆம்பியர் டயோடுகள் இரண்டை வாங்கி, இரு பக்க வயர்களிலிருந்தும் தனித்தனியே பைலட்டின் ஒரு முனைக்குக் கொண்டுவந்து, மறுமுனையை எர்த்தில் சேர்த்தால் தீர்ந்தது. இதை ரிலேயின் கோளாறு என்று எண்ணித் திருப்பி அனுப்புபவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

பொருத்துவது எளிது. ரிலேயின் முனைகளில் 49 என்பது வரவு, 49ஏ என்பது ஸ்விட்சுக்குப் போகும் வயர், 31 என்பது எர்த். சிலவற்றில் இவையே பி (B), எல் (L), இ (E) என்று அச்சிடப்பட்டிருக்கும். பழைய பிளாஷரில் எல் முனைக்குப் பக்கத்தில் பி (P) என்ற பைலட் முனை இருந்திருக்கலாம். அந்த பி (P) வேறு, எர்த் வேறு, எனவே எழுத்தை நம்பாமல் சோதனை விளக்கை நம்புங்கள். பிரிட்டிஷ் வண்டிகளின் வயரிங்கில் பச்சையில் சிவப்புக் கோடு இடப்பக்கம், பச்சையில் வெள்ளைக் கோடு வலப்பக்கம் என்பது கைகொடுக்கும், இடையில் யாரும் கை வைக்காதிருந்தால். 1960களின் பிற்பகுதி வரை வந்த லேண்ட் ரோவர் போன்ற வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையே சேஸிஸில் சேர்ந்திருந்தது. அவற்றுக்கு இந்த ரிலேயை அப்படியே மாட்டினால் கெட்டுப்போகும். 6 வோல்ட் வண்டிகளுக்கும் இது ஆகாது.

சிறு குறைகள் என்றால், டிக் டிக் ஓசை இன்ஜின் சத்தத்தில் கேட்பதே இல்லை. துணி மேற்கூரை போட்ட வண்டியில் இண்டிகேட்டரை அணைக்க மறந்துபோவது உறுதி. ரிலேயின் அடிப்பகுதி அடைக்கப்படாததால், ஆற்றில் இறங்கும் வண்டியென்றால் டாஷ்போர்டுக்குள் உயரத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்த வேண்டும். நான்கு 21 வாட் பல்புகளையும் ஒரே நேரத்தில் சிமிட்ட வைப்பதாக இருந்தால் ஏழு ஆம்பியர் ஓடும். மேலே அச்சிட்டிருக்கும் அளவு அதைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். எல்இடி போடும் எண்ணமே இல்லை, எர்த்தும் சுத்தமாக இருக்கிறது என்றால், பல்பு போனதைக் காட்டிக்கொடுக்கும் பழைய வகைப் பிளாஷரையே நான் பரிந்துரைப்பேன்.