லெர்னு தளத்தில் எஸ்பெராண்டோ: அடுத்த மொழிக்குக் கைகொடுக்குமா?

லெர்னு 2002 முதல், எல்லா நாட்டினருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட செயற்கை மொழியான எஸ்பெராண்டோவைக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் இணையதளம். இந்த மொழியைப் படித்துவிட்டுப் போனால் ஸ்பானிஷும் பிரெஞ்சும் சுலபமாகும் என்று நம்பிச் சேர்பவர்கள் நிறைய. தமிழ் பேசுபவருக்கு அது பாதிதான் பலிக்கும்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்த பல பிள்ளைகளுக்கு வேற்றுமை உருபு என்பதே புதிது. அந்த அடிப்படை நமக்குத் தாய்மொழியிலேயே இருக்கிறது. கியே–தியே, கியாம்–தியாம், கியேல்–தியேல் என்று ஓடும் 45 சொற்களின் அட்டவணையைப் பாருங்கள்: எங்கே–அங்கே, எப்போது–அப்போது, எப்படி–அப்படி. மற்றவர்கள் திணறும் இந்த இடத்தை நாம் சீக்கிரமே தாண்டிவிடலாம்.

நாம் சறுக்குவது செயப்படுபொருளில். 'புத்தகம் படிக்கிறேன்' என்று ஐ உருபைத் தொக்கவிட்டுப் பேசும் பழக்கத்தில் 'மி லேகாஸ் லிப்ரோ' என்று எழுதிவிடுவோம். 'லிப்ரோன்' என்றுதான் வர வேண்டும். முதலில் 'புத்தகத்தை' என்று விரித்துச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் ன் விடுபடாது. 'இருக்கிறது, ஆகும்' என்று பொருள்படும் 'எஸ்தாஸ்' வினைக்குப் பின் மட்டும் ன் சேர்க்கக் கூடாது.

உண்மையான லாபம் பெயரடையில். தமிழில் 'அழகான' மாறவே மாறாது; இங்கே 'பேலாய்ன் ஃப்ளோரோய்ன்' (அழகான பூக்களை) என்று பன்மையும் வேற்றுமையும் பெயரடையிலும் ஏறும். ஸ்பானிஷில் பெயரடையைப் பெயரோடு பொருத்தும்போது இந்தப் பழக்கம் நேராக உதவும். தினமும் பெயரடையோடு பத்து வாக்கியமாவது எழுதுங்கள். விசைப்பலகை மாற்ற வேண்டியதில்லை, எழுத்தை அடுத்து எக்ஸ் தட்டினால் ĉ, ĝ போன்ற எழுத்துகளின் மேலே வரும் தொப்பிக் குறி வந்துவிடும். லிப்ரோ (புத்தகம்), மானோ (கை), தோர்மி (தூங்கு) போன்ற சொற்கள் ஸ்பானிஷுக்கும் அப்படியே அல்லது சிறு மாற்றத்தோடு போகும்.

வினைத்திரிபு விஷயத்தில் இது உதவாது. நான், நீ, அவர்கள் எல்லாருக்கும் ஒரே 'எஸ்தாஸ்'. பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால், பெண்பால் பாகுபாடும் இல்லை. பிரெஞ்சில் இரண்டையும் முதலிலிருந்து படித்தாக வேண்டும்.

பாடம் கதையாகப் போவதும், இலக்கணம் தனிப் பகுதியாக இருப்பதும் இந்தத் தளத்தின் பலம். வாய்விட்டுப் பேசும் பயிற்சிதான் போதாது. தினம் அரை மணி நேரம், இரண்டு மாதம் ஒதுக்க முடிந்தவர்கள் தாராளமாகச் சேரலாம். ஆறு மாதத்தில் பிரெஞ்சுத் தேர்வு எழுதப்போகிறவர்கள் நேரே பிரெஞ்சுக்கே போங்கள். ஜப்பானிய மொழிக்கு முன்தயாரிப்பாக இதை எடுக்க வேண்டாம். சொற்களும் உதவாது, பெயரடைப் பயிற்சிக்கும் அங்கே வேலையில்லை.