ஃபவுண்ட்ரியா, கிராஃப் நோட்டா: ரெண்டுலயும் டி அண்ட் டி நடத்திப் பாத்துட்டு சொல்றேன்

அடுத்த மாசம் எங்க டி அண்ட் டி குரூப்ல புது கேம்பெயின் (பல செஷனா தொடர்ந்து ஓடற கதை), டிஎம், அதாவது கதைய நடத்தறவர், நான்தான். ஞாயித்துக்கிழமை செஷன் முடிஞ்சு எல்லாரும் கெளம்பும்போது எங்க விஸார்ட் (மந்திரவாதி கேரக்டர் ஆடறவர்) கேட்டாரு, புதுசும் ஃபவுண்ட்ரி சாஃப்ட்வேர்லதானேன்னு. இல்லங்க, இந்த தடவ நோட்டும் பென்சிலும்தான்னேன். மனுஷனுக்கு முகமே வாடிருச்சு. வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தைல சொல்லி முடிக்கற விஷயம் இல்ல இது, அதனால உக்காந்து முழுசா எழுதறேன், மத்த டிஎம்களுக்கும் உதவும்.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டது, ஒரு பெட்டிக்குள்ள மூணு சின்ன புத்தகம், அவ்ளோதான். ஒருத்தர் உலகத்த நடத்துவாரு, மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர் வச்சுக்கிட்டு என்ன செய்யறோம்னு வாயால சொல்லுவாங்க, நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வர்ற எடத்துல டைஸ். இதையே கம்ப்யூட்டர்ல மேப், டோக்கன் (யார் எங்க நிக்கறாங்கன்னு காட்டற வில்லை), டைஸ் எல்லாத்தோடயும் நடத்தற சாஃப்ட்வேருக்கு விர்ச்சுவல் டேபிள்டாப்னு பேரு, சுருக்கமா விடிடி. ஃபேண்டஸி கிரவுண்ட்ஸ் 2004லயே வந்துருச்சு, ரோல்20 2012ல, ஃபவுண்ட்ரி 2020 மே மாசம். நாங்க லாக்டவுன்ல ரோல்20ல ஆரம்பிச்சு அப்புறம் ஃபவுண்ட்ரிக்கு மாறினோம், மறுபடி நேர்ல கூட ஆரம்பிச்சப்பவும் பழக்கத்துல லேப்டாப்ப நடுவுல வச்சுக்கிட்டே ஓட்டினோம், அப்புறம் ஒரு சின்ன கேம்பெயின் முழுசா பேப்பர்ல. அதனால ரெண்டு பக்கமும் பாத்தாச்சு.

முதல்ல ஃபவுண்ட்ரிக்கு சேர வேண்டிய பாராட்ட குடுத்துடறேன், அது நிஜமாவே நல்ல சாஃப்ட்வேர். ஒரே தடவ 50 டாலர், நம்ம காசுக்கு 4,000 ரூபாய்க்கு மேல, மாசச் சந்தா கிடையாது, டிஎம் ஒருத்தர் வாங்கினா போதும், மத்தவங்க பிரவுசர்ல லிங்க திறந்தா உள்ள வந்துரலாம். ஃபைல் எல்லாம் நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கும். அதுல வர்ற வெளிச்சம் இருக்கே, அத மொத தடவ பாத்தப்ப எங்க வீட்ல ஒரே சத்தம். எல்ஃப் கேரக்டருக்கு இருட்டுல 60 அடி தெரியும், மனுஷனுக்கு கைல தீப்பந்தம் இருந்தா 20 அடி நல்லா, அடுத்த 20 அடி மங்கலா, இது ரூல்ஸ். ஃபவுண்ட்ரில அவங்கவங்க திரைல அவங்கவங்களுக்கு எவ்ளோ தெரியணுமோ அவ்ளோதான் தெரியும். எங்க ரோக் (திருடன் கேரக்டர் ஆடறவர்) கதவ திறந்தாரு, அவருக்கு மட்டும் உள்ள நிக்கறது தெரிஞ்சுது, "ஐயோ மூடு மூடு"ன்னாரு, மத்தவங்களுக்கு வெறும் இருட்டு. பேப்பர்ல அந்த நொடிய நான் எப்படி சொன்னாலும் அந்த மாதிரி வராது, எங்க விஸார்டுக்கு முகம் வாடினது இதுக்காகத்தான், அது நியாயம்.

இன்னொண்ணு பாத்ஃபைண்டர் 2. டி அண்ட் டி மாதிரியே 2019ல வந்த இன்னொரு கேம், அதுல கணக்கு ஜாஸ்தி. இலக்க விட 10 அதிகமா வந்தா கிரிட்டிக்கல், அதாவது பலத்த அடி, ஒரே டர்ன்ல ரெண்டாவது அடிக்கு 5 கழிக்கணும் மூணாவதுக்கு 10, பயந்திருக்கறவனுக்கு ஒவ்வொரு டர்ன் முடிவுலயும் பயம் ஒண்ணு குறையும், ரெண்டு பக்கமும் ஆள் நின்னா எதிரியோட ஏசில (அவன அடிக்க நாம எட்ட வேண்டிய எண்) 2 போகும், ஒரே வகை போனஸ் ரெண்டு சேராது. இத்தனையும் ஆறு மான்ஸ்டருக்கு தலைல வச்சுக்கிட்டு வில்லன் குரல்லயும் பேசணும்னா முடியல. ஃபவுண்ட்ரில இதெல்லாம் அதுவே பாத்துக்கும். ரூல்ஸ் மொத்தமும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ்ங்கற வெப்சைட்ல சட்டப்படி இலவசம் வேற. பாத்ஃபைண்டர் 2 நடத்தறீங்கன்னா யோசிக்காதீங்க, சாஃப்ட்வேர்தான்.

இப்ப தொல்லைங்க. ஃபவுண்ட்ரி உங்க கம்ப்யூட்டர்ல ஓடுது, வெளியூர்ல இருக்கற பிளேயர் உள்ள வரணும்னா உங்க நெட் கனெக்‌ஷனுக்கு வெளிய தெரியற ஐபி (இன்டர்நெட் முகவரி) வேணும். நம்ம ஊர்ல நிறைய ஃபைபர் கனெக்‌ஷன்ல ஒரே ஐபிய பல வீட்டுக்கு பங்கு போட்டுத்தான் குடுக்கறாங்க, அப்ப ரவுட்டர்ல எந்த போர்ட்ட திறந்தாலும் யாரும் உள்ள வர முடியாது. ஒண்ணு டன்னல் (வேற சர்வர் வழியா உள்ள வர்ற பாதை) போடணும், இல்லன்னா மாசம் காசு கட்டி எங்கயாவது ஹோஸ்ட் பண்ணணும், அப்ப அந்த ஒரே தடவ 50 டாலர்ங்கற கணக்கு போச்சு. அடுத்தது ஃபோன். ஃபவுண்ட்ரி லேப்டாப் திரைக்கு செஞ்சது, ஃபோன்ல சரிப்படாது. நம்ம பசங்கள்ல பாதிப் பேர்கிட்ட வேலை செய்யற எடத்துல குடுத்த லேப்டாப்தான் இருக்கு, அதுல விளையாட முடியாது, சொந்தமா இருக்கறது ஃபோன்தான். அவங்களுக்கு ஓல்பேர் ரோடியோங்கற இன்னொரு விடிடி பரவாயில்ல, லிங்க் அனுப்பினா போதும், ரூல்ஸ் எதுவும் தெரியாத வெறும் மேப்பும் டோக்கனும். இன்னொரு விஷயம், செஷன் இருக்கற வாரத்துல எந்த அப்டேட்டயும் தொடாதீங்க, பெரிய வெர்ஷன் மாறும்போது மாட்யூல் (மேல சேர்த்துக்கற கூடுதல் வசதி) எல்லாம் பின்னாடிதான் வந்து சேரும்.

ஆனா நான் நோட்டுக்கு திரும்பினது இதுக்கெல்லாம் இல்ல, இதெல்லாம் சமாளிக்கலாம். சுவர்தான் காரணம்.

ஒரு மேப்ப உள்ள ஏத்தினா அது வெறும் படம். சுவர் எங்க, கதவு எது, ஜன்னல் எது, விளக்கு எங்க எரியுதுன்னு ஒவ்வொரு கோடா நாமதான் இழுக்கணும், அப்பதான் அந்த வெளிச்ச மேஜிக் நடக்கும். இது பெரும்பாலான விடிடில அப்படித்தான். பதினஞ்சு ரூம் இருக்கற ஒரு பாழடைஞ்ச கோட்டைக்கு எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு, வேலை முடிஞ்சு சாப்ட்டு உக்காந்தா மணி ஒண்ணு. செஷன் அன்னிக்கு பிளேயர்ஸ் கோட்டை வாசல் வரைக்கும் வந்தாங்க, நின்னாங்க, பேசினாங்க, எங்க கிளெரிக் (பூசாரி கேரக்டர் ஆடறவங்க) சொன்னாங்க, "உள்ள போக வேணாம்பா, உள்ள இருக்கறவங்களுக்கு தெனம் சாப்பாடு எங்கருந்தோ வருதுல்ல, அந்த வண்டிக்காரன புடிப்போம், அவன் வீட்டுக்கே போய் பேசுவோம்." எவ்ளோ அருமையான யோசனை! நான் என்ன பண்ணேன் தெரியுமா, வண்டிக்காரன் ஊர்ல இல்ல, அவன் பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி எல்லாரையும் கோட்டைக்குள்ள தள்ளிவிட்டேன். ரெண்டு ராத்திரி உழைப்பு வீணாப்போகுமேங்கற நெனப்பு, வேற ஒண்ணுமே இல்ல. அந்த செஷன் நல்லாத்தான் போச்சு, யாரும் கொறை சொல்லல, ஆனா எனக்கு இன்னிக்கும் உறுத்துது. இந்த விளையாட்டுல இருக்கற பெரிய விஷயமே எதை வேணா செய்யலாம்ங்கறதுதான, அதையே நான் அவங்ககிட்டருந்து எடுத்துட்டேன்.

அதே அளவு கோட்டை கிராஃப் நோட்ல ஒரு பக்கம், ரூமுக்கு ஒரு வரி, இருபது நிமிஷ வேலை. அத விட்டுட்டு வேற பக்கம் போனா எனக்கு நஷ்டமே இல்ல. பேப்பர்ல நடத்தின கேம்பெயின்ல இதே மாதிரி ஒரு சுரங்கம் வந்துது, கோப்லின்ஸ் (குட்டி மான்ஸ்டருங்க) உள்ள. பிளேயர்ஸ் உள்ள போகாம மேல இருக்கற ஓடைய சுரங்கத்துக்குள்ள திருப்பி விட்டா என்னன்னு கேட்டாங்க. ஓடைன்னு நான் சும்மா வர்ணனைக்கு சொன்ன ஒரு வார்த்தை. உடனே மார்க்கர எடுத்து ஓடைய வரைஞ்சேன், கரைல ரெண்டு மரம், ஒரு காவக்காரன், ரெண்டு நிமிஷம், மூணு மணி நேரம் அந்த ஓடைலயே ஓடுச்சு. கீழ நான் எழுதி வச்சிருந்த ரூம்ல ஒண்ணு கூட யாரும் பாக்கல, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

இன்னொண்ணு கவனிச்சிருக்கேன், கட்டம் போட்ட மேப் திரைல வந்த உடனே எல்லாரும் "இனிஷியேட்டிவா?"ன்னு கேப்பாங்க, அதாவது சண்டைல யாரு முதல்லன்னு உருட்டலாமான்னு. நான் இன்னும் வாயே திறக்கல, ஆனா டோக்கன் நிக்குது, ஹெச்பி பார் (உயிர் எவ்ளோ பாக்கின்னு காட்டற கோடு) தெரியுது, அப்ப சண்டைதான்னு முடிவாயிடுது, பேசிப் பாக்கலாமேன்னு யாருக்கும் தோணறதில்ல. கேரக்டர் விவரம் இருக்கற ஷீட்லயும் அப்படித்தான், பட்டன் எதுக்கு இருக்கோ அதுதான் செய்ய முடியும்னு கண்ணு அங்கயே போகுது. தொங்கற விளக்கோட கயித்த அறுக்கறதுக்கு எந்த விடிடிலயும் பட்டன் கிடையாது, பேப்பர் ஷீட்ட பாத்து உக்காந்திருக்கறவங்கதான் தலைய தூக்கி "மேல என்ன இருக்கு?"ன்னு கேக்கறாங்க.

பேப்பர்ல என்னோட செட்டப் சொல்றேன். ஏ3 ஷீட்ல ஒரு இஞ்ச் கட்டம் பிரிண்ட் எடுத்து ஜெராக்ஸ் கடைல லேமினேட் பண்ணது ரெண்டு, ஒயிட்போர்டு மார்க்கர், பழைய துணி. ஒரு கட்டம் 5 அடி, ஒரு ஷீட்ல 11க்கு 16 கட்டம் வரும், சாதாரண சண்டைக்கு தாராளம். கோப்லினுக்கு புளியங்கொட்டை, பெரிய மான்ஸ்டருக்கு கேரம் காய். ஃபயர்பால்ங்கற தீ மந்திரத்துக்கு 20 அடி ஆரம், அதாவது குறுக்கே எட்டு இஞ்ச், வீட்ல எட்டு இஞ்ச் டிபன் தட்டு ஒண்ணு இருக்கு, அத கவுத்தா யார் யாரு உள்ளன்னு உடனே தெரியும், வாக்குவாதமே வராது. அதோட டேமேஜுக்கு எட்டு ஆறுமுக டைஸ கைல குலுக்கி கொட்டறப்ப எல்லாரும் குனிஞ்சு எண்ணுவாங்க பாருங்க, சராசரி 28தான்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் எண்ணுவாங்க. இனிஷியேட்டிவுக்கு விசிட்டிங் கார்டு சைஸ் அட்டைய மடிச்சு டிஎம் ஸ்க்ரீன் (என் குறிப்ப மறைக்கற தடுப்பு அட்டை) மேல வரிசையா மாட்டிடுவேன்.

அப்புறம் மேப் வரையற வேலைய ஒரு பிளேயருக்கே குடுத்துடுங்க. பழைய காலத்து டி அண்ட் டில மேப்பர்னே ஒரு பொறுப்பு உண்டு, டிஎம் வாயால சொல்றத கேட்டு அவர் வரையணும். தப்பா வரைவாரு. அந்த தப்புல வழி தொலைஞ்சு, கைல இருக்கற தீப்பந்தம் அணையப் போறப்ப வர்ற பதட்டம் இருக்கே, வெளிச்சத்த துல்லியமா காட்டற திரைல அது வராது. கால் ஆஃப் கத்துலு மாதிரி துப்பறியற கேம்னா பேப்பர் இன்னும் மேல, டீத்தண்ணில நனைச்சு காய வச்ச கடுதாசிய கைல குடுத்தா மாத்தி மாத்தி மோந்து பாப்பாங்க, திரும்பத் திரும்ப படிப்பாங்க. திரைல பாப்அப்பா வந்தா படிச்சிட்டு மூடிட்டாங்க.

பேப்பர்ல கஷ்டம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஷீட்ட வீட்ல வச்சுட்டு வர்றவங்க இருக்காங்க, அதனால எல்லா ஷீட்டும் என்கிட்டயே ஒரு ஃபைல்ல இருக்கும். ஹெச்பி எழுதற கட்டம் அழிச்சு அழிச்சு ஓட்டையாகும், தனியா துண்டுச் சீட்டு வச்சுக்கோங்க. கான்சன்ட்ரேஷன் (போட்ட மந்திரத்த விடாம பிடிச்சு வைக்கறது) மறந்துபோகும், அடி வாங்கினவர் 10 இல்லன்னா வாங்கின டேமேஜ்ல பாதி, எது பெருசோ அந்த அளவாவது உருட்டணும், இத மூணு ரவுண்டு கழிச்சுத்தான் யாராவது ஞாபகப்படுத்துவாங்க. நாங்க கான்சன்ட்ரேஷன்ல இருக்கறவர் முன்னாடி ஒரு சோழி வச்சிடறோம், இப்ப மறக்கறதில்ல. லெவல் பத்துக்கு மேல போனா எனக்கே மூச்சு முட்டுது, அங்க சாஃப்ட்வேர் ஜெயிக்குதுன்னு ஒத்துக்கறேன். ஆறு மாசம் முன்னாடி வந்த சத்திரக்காரர் பேரு என்னன்னு நோட்ல தேடறதும் நடக்காத காரியம், அதனால செஷன் முடிஞ்சதும் பேரு மட்டும் ஃபோன்ல தட்டி வச்சுடறேன்.

புத்தகம் பத்தியும் ஒண்ணு. டி அண்ட் டி பியாண்ட்ங்கற ஆன்லைன் தளத்த (புத்தகம், கேரக்டர் ஷீட் எல்லாம் அதுல வச்சுக்கலாம்) டி அண்ட் டி வெளியிடற விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2022ல வாங்கினாங்க. 2024 ஆகஸ்ட்ல, புது ரூல்ஸ் வர்றதால ஷீட்ல இருக்கற பழைய ஸ்பெல், மேஜிக் ஐட்டம் எல்லாம் புது வடிவத்துக்கு மாறிடும்னு அறிவிச்சாங்க, காசு குடுத்து பழசு வாங்கினவங்க எல்லாம் கொந்தளிச்சாங்க, சில நாள்லயே அந்த முடிவ மாத்திக்கிட்டாங்க. மாத்திக்கிட்டது நல்ல விஷயம், ஆனா என் அலமாரில இருக்கற 2014 ரூல்ஸ் புத்தகத்துல ஒரு எழுத்த மாத்தணும்னா என் வீட்டுக்கு வரணும். கேம்பெயின் பாதில இருக்கறப்ப அந்த நிம்மதி பெருசு.

டைஸ் விஷயத்துல சாஃப்ட்வேர் மோசம்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அப்படி இல்ல. ஃபவுண்ட்ரில பிளேயர் உருட்டினத டிஎம் மட்டும் பாக்கற மாதிரி வைக்கலாம், ஒளிஞ்சிருக்கறவர் நல்லா ஒளிஞ்சிருக்காரான்னு அவருக்கே தெரியாது, அருமையான வசதி. பேப்பர்ல அதுக்கு ஒரு டம்ளர் வச்சிருக்கோம், கவுத்து உருட்டுவாரு, நான் மட்டும் எட்டிப் பாப்பேன்.

எல்லாரும் வேற வேற ஊர்ல இருந்தா இந்த பேச்சே வேணாம், விடிடி போடுங்க, அது இல்லன்னா லாக்டவுன்ல எங்க குரூப்பே உடைஞ்சிருக்கும். ஒரே மேஜைல உக்காருற பாக்கியம் இருக்கறவங்க லேப்டாப்ப மூடிட்டு ஒரு மூணு செஷன் பேப்பர்ல நடத்திப் பாருங்கன்னுதான் சொல்றேன், அதுவும் லெவல் ஒண்ணுலருந்து.

எங்க விஸார்டுக்கு ஒரு சமாதானம் சொல்லியிருக்கேன், கேம்பெயினோட கடைசி டன்ஜன் மட்டும் 32 இஞ்ச் டிவிய மேஜைல படுக்க வச்சு ஃபவுண்ட்ரில வெளிச்சத்தோட நடத்தலாம்னு. திரை கிட்டத்தட்ட 28 இஞ்ச் அகலம் வரும், கட்டத்த ஒரு இஞ்சுக்கு சரி பண்ணிட்டா புளியங்கொட்டைய மேலயே வச்சுக்கலாம், காபி டம்ளர மட்டும் தூர வைக்கணும். அவர் உடனே சுவர் எல்லாம் நானே வரைஞ்சு தர்றேன்னாரு. அவர் வரைஞ்சா உள்ள என்ன இருக்குன்னு அவருக்கு தெரிஞ்சிருமே, அதுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் பேசிட்டிருக்கோம்.