முதல் வீட்டை விட மனசு வராதவர்களுக்கு: சிம்ஸ் 4-ல் எந்த வழி நல்லது?

சிம் எனப்படும் மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டி வாழவைக்கிற விளையாட்டு சிம்ஸ் 4. அதில் தனி ஆளாக ஒரு சிம்மை உருவாக்கினால் கையில் கிடைப்பது 20,000 சிமோலியன், அதாவது விளையாட்டுக்குள் புழங்கும் பணம். மனை வாங்கி, நாலு சுவர் எழுப்பி, அடுப்பு, கட்டில், குளியலறை வைத்து முடிப்பதற்குள் பணம் கரைந்துவிடும். மலிவுக் கட்டிலில் படுத்தால் தெம்பு மெதுவாகத்தான் ஏறும், மலிவு ஷவர் அடிக்கடி பழுதாகும். ஆனாலும் முதல் சம்பளம் வருவது அந்த வீட்டில்தான். கல்யாணம், முதல் குழந்தை எல்லாம் அங்கேதான் நடக்கிறது. பிற்பாடு லட்சக்கணக்கில் சேர்ந்தாலும் கிளம்ப மனசு வருவதில்லை.

காரைக்குடியில் உட்கார்ந்து விளையாடுகிற எனக்கு இது வெறும் விளையாட்டுக் கேள்வியாகத் தெரியவில்லை. வீட்டை வைத்துக்கொள்வதா, பூட்டுவதா, பிரிப்பதா, விற்பதா என்ற பேச்சு எங்கள் பக்கம் கல்யாணப் பந்தியில்கூட நடக்கும். அதனால் விளையாட்டில் இருக்கிற வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கும்போது, கட்டடம் மிஞ்சுகிறதா என்பதோடு, அங்கே யாராவது தொடர்ந்து குடியிருக்கிறார்களா என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

எல்லோரும் முதலில் சொல்வது லைப்ரரி வழி. கட்டியதைச் சேமித்துவைக்க விளையாட்டுக்குள்ளேயே இருக்கிற லைப்ரரியில் வீட்டை அறைகலன்களோடு சேமித்துவிட்டுப் பெரிய வீட்டுக்குக் குடிபோய்விடுவது. செலவு கிடையாது, பின்னாளில் எந்த ஊரிலும், எந்த சேவிலும் (சேமித்துவைத்த ஆட்டத்திலும்) அதே வீட்டை மறுபடி இறக்கலாம். கூட விளையாடுகிற என் தம்பி முறைப் பையன், “அதான் லைப்ரரில பத்திரமா இருக்கேக்கா, அப்புறம் என்ன?” என்று கேட்பான். பத்திரமாக இருப்பது சுவரும் சாமானும் மட்டும்தான். இன்னொரு சேவில் அதை இறக்கினால், அந்தச் சமையலறையில் கைசுட்டுச் சமையல் கற்றவள் அங்கே இருக்க மாட்டாள். எந்த மாற்றத்துக்கு முன்னும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள், அது நல்ல காப்பு. ஆனால் பிரிய மனமில்லாதவருக்கு அது மட்டும் போதாது.

இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இறந்தவர்களின் நினைவுக்கல்லை வெளியேறும் முன், கையோடு கொண்டுபோகும் சாமான் பையான இன்வென்டரிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த சிம்மின் ஆவி வருவது அந்தக் கல்லை ஒட்டித்தான். தோட்டத்து மூலையில் இருக்கிறதே என்று விட்டுவிட்டுப் போனால் பாட்டி புது வீட்டுக்கு வர மாட்டாள்.

அடுத்தது, அதே மனையில் இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவது. முகவரி மாறாது, அக்கம்பக்கம் மாறாது. சிம்ஸ் 4-ல் ஒரு அறையை மட்டும் தனியாகச் சேமிக்க முடியும் என்பதால் பழைய சமையலறையை எடுத்துவைத்துப் புது வீட்டுக்குள் அப்படியே பொருத்தலாம். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிரித்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு, எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். தூணைப் பார்த்தால் அழகுதான், ஆனால் எந்த வீட்டில் நின்றது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. புது வீட்டுக்குள் ஒட்டவைத்த பழைய அறையும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. அறைகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்து சிம்கள் நடக்கவே முடியாத வீடாக இருந்தால் மட்டும் இடியுங்கள்.

நான் முழு மனதோடு சொல்வது மூன்றாவது வழியை: முகப்பைத் தொடாமல் பின்னால் இழுத்துக் கட்டுவது.

செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். தெருவில் நின்றால் தெரிவது முகப்பும் திண்ணையும்தான். உள்ளே போனால் வளவு என்கிற நடுமுற்றம், அதைச் சுற்றி அறைகள், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அப்புறம் அடுப்படி. பல வீடுகளில் தலைவாசல் ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். விளையாட்டிலும் ஆரம்ப வீட்டை முகப்பாக வைத்துக்கொண்டு, பணம் வர வர ஒவ்வொரு கட்டாகப் பின்னால் சேர்க்கலாம். முதல் பதவி உயர்வுக்கு ஒரு படுக்கையறை, குழந்தை பிறந்ததும் இன்னொன்று. நடுவில் கொஞ்சம் இடம் விட்டுச் சுற்றி அறை எழுப்பி, மேலே கூரையை எடுத்துவிட்டால் வளவு கிடைத்துவிடும். பருவங்களைச் சேர்க்கிற சீசன்ஸ் என்ற கூடுதல் பேக் இருந்தால் மழை அதற்குள் பெய்யும். அந்தக் காட்சிக்காகவே நான் வளவு கட்டுவேன். 2020-ல் இலவச அப்டேட்டில் வந்த பிளாட்ஃபார்ம் கருவியால் தரையைப் படிபோல உயர்த்தி முகப்பில் திண்ணையும் போடலாம். தரைக்கு ஆத்தங்குடிக் கல் மாதிரி பூவேலை உள்ள டைல் தேடினால், நிறம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம்.

இதில் ஒரே தடை மனையின் அளவு. சிம்ஸ் 4-ல் இருக்கிற மனையைப் பெரிதாக்க முடியாது. 30க்கு 20 கட்டமுள்ள மனையில் இரண்டாங்கட்டு வரைக்கும் தாராளமாக வரும். 20க்கு 15 மனை என்றால் பின்சுவர் சீக்கிரமே எல்லையை முட்டிவிடும். அப்போது மாடி எடுக்கலாம், நிலவறை தோண்டலாம். அதுவும் போதாவிட்டால் வீட்டையே பெரிய மனைக்குக் கொண்டுபோகலாம்: லைப்ரரியில் சேமித்து, நியூக்ரெஸ்ட் மாதிரி ஊரில் காலி மனை பார்த்து இறக்கிவிட்டு, அதே குடும்பத்தை அங்கே குடியேற்றுங்கள். 2015-ல் இலவசமாக வந்த அந்த ஊரில் இருக்கும் 15 மனைகளும் காலியாகவே வரும். சின்ன மனையில் கட்டிய வீடு பெரிய மனையில் இறங்கும், பெரியதை மட்டும் சின்னதில் இறக்க முடியாது. இறக்கியதும் வீட்டை மனையின் முன்பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டால் பின்னால் கட்டுவதற்கு இடம் மிச்சமாகும். பழைய வீட்டின் மதிப்பு கைக்கு வந்துவிடுவதால் செலவும் கையைக் கடிக்காது.

பில் ஏறும் என்பது உண்மை. வீட்டின் மதிப்பு கூடக் கூட வாராந்திர பில்லும் கூடும். ஆனால் புது மாளிகை வாங்கினால் அந்த பில் ஒரே வாரத்தில் ஏறும், ஒவ்வொரு கட்டாகச் சேர்த்துக்கொண்டு போனால் வருமானத்தோடு சேர்ந்து ஏறும். குழந்தைகள் வளர்கிற காலத்தில் இந்த வித்தியாசம் பெரிது.

வீட்டைப் பெருக்கவே வேண்டாம், சின்னதாகவே இருக்கட்டும் என்பவர்களுக்கு 2020-ல் வந்த டைனி லிவிங் பேக் இருக்கிறது. 32 கட்டம் வரை, 64 வரை, 100 வரை என்று மூன்று படி வைத்து, வீடு சிறுக்கச் சிறுக்கச் சலுகை கூடும்: திறமைகள் வேகமாக வளரும், பில் குறையும். தனி ஆளுக்கும் தம்பதிக்கும் நல்ல தேர்வு. மூன்று பிள்ளைகள் ஆகிவிட்டால் காலையில் குளியலறை வாசலில் வரிசை நிற்கும்.

வீட்டைக் காலியாக வைத்துவிட்டுப் போவதையும், மனையின் வகையை மாற்றி அருங்காட்சியகமாக்குவதையும் ஒன்றாகவே பார்க்கிறேன். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் சில பெரிய வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறியிருக்கின்றன, அதனால்தான் அங்கே விளக்கு எரிகிறது, சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். பக்கத்துத் தெருக்களில் பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகளும் இருக்கின்றன. விளையாட்டில் அருங்காட்சியகமாக்கினால் உங்கள் சிம்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வேறு சிம்களும் வருவார்கள். பூட்டிக் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் குடும்பம் அங்கே தூங்கி எழாது என்பதால் என் கணக்கில் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது.

மூன்றாவது வழிக்குச் சமமாக நான் வைப்பது, பெற்றோரை அதே வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தனிக்குடித்தனம் அனுப்புவது. ஒரு குடும்பத்தில் 8 பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால், பேரன் பேத்தி வரும்போது எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும். அப்போது வீட்டை விட்டுப் போவது யார் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். வயதானவர்கள் அதே அடுப்பில் சமைப்பார்கள், மகன் குடும்பம் புது வீட்டிலிருந்து வந்து போகும். இதற்கு செட்டிங்ஸில் ஒரு வேலை இருக்கிறது. வயது கூடுவதை, விளையாடுகிற குடும்பத்துக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மகன் வீட்டில் தொட்டில் வாங்கிக்கொண்டிருக்கும்போது, அங்கே அப்பாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகும்.

2023 டிசம்பரில் ஃபார் ரென்ட் பேக் வந்த பிறகு இதைவிட நெருக்கமான ஒரு வழி திறந்திருக்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் ‘வேறு வைப்பார்கள்’: அதே வீட்டுக்குள் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு, ஆனால் வளவு எல்லோருக்கும் பொது. ஃபார் ரென்ட் பேக்கின் வாடகைக் குடியிருப்பு வகையில் ஒரே மனையை 6 பகுதிகள் வரை பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தை வைக்கலாம். 8 பேர் என்ற கட்டுப்பாடு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி. யாரும் ஊரைவிட்டுப் போக வேண்டாம், நினைவுக்கல்லும் தோட்டத்திலேயே இருக்கும். மகன் அப்பாவுக்கு வாடகை கொடுப்பது மட்டும் நம் வழக்கத்துக்குக் கொஞ்சம் உறுத்தும்.

பேக் விலை கொடுத்து வாங்க வேண்டியது, ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்தைத்தான் நடத்த முடியும். அது ஒத்துவராதவர்கள் 2022 முதல் இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விளையாட்டிலேயே பின்கட்டு கட்டிக்கொள்ளலாம். ஃபார் ரென்ட் கையில் இருந்தால் ஆரம்ப வீட்டின் நாலு சுவரைப் பெற்றோரின் பகுதியாக ஒதுக்கிவிட்டு, பின்னால் சேர்த்த கட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நடுவில் இருக்கும் வளவை யார் பகுதியிலும் சேர்க்காமல் பொது இடமாகவே விடுங்கள்.